கனியும் கண்டும்

“கரும்பு தின்னக் கூலியா?” என்பது தமிழர் நாவில் வழங்கும் பழமொழி. இனிய செயல் ஒன்றைச் செய்வதற்கு யாரும் ஊதியம் கேட்கமாட்டார் என்பது அதன் பொருள். ஆயினும், கரும்புக்காகவே கூலியாகக் கடல் கடந்து வந்த தமிழர் கூட்டம் ஒன்று மலாயா வரலாற்றில் உண்டு. அக்கூட்டத்தார் கரும்பு தின்ன வந்தவர் அல்லர். கரும்பு வெட்ட வந்தவர். அவர்தம் வரலாறு இன்று பெரும்பாலும் மறக்கப்பட்டுவிட்டது. அதனை நினைவூட்டும் எளிய பொருள் ஒன்று பினாங்கின் அங்காடிகளில் இன்றும் விற்கப்படுகிறது. அதுவே சீனியில் ஊறிய சாதிக்காய்.

இதழ் இதழாகக் கீறப்பட்டு, பாகில் ஊறி, வெயிலில் காய்ந்து, மேலே சீனி பூத்து விளங்கும் அச்சிறு துண்டில் மூன்று வரலாறுகள் அடங்கியுள்ளன. ஒன்று சர்க்கரையின் வரலாறு. மற்றொன்று சாதிக்காயின் வரலாறு. மூன்றாவது, இவ்விரண்டிற்காகவும் உழைத்த மனிதரின் வரலாறு. இம்மூன்றையும் முறையே நோக்குதல் பயனுடையது.

கண்டு என்னும் சொல்

கரும்பின் சாற்றைக் காய்ச்சிக் கட்டியாக்கும் கலை இந்திய மண்ணில் தோன்றியது. கௌடிலியரின் அர்த்தசாத்திரம் இனிப்புப் பொருள்களை வரிசைப்படுத்தும்போது பாகு, வெல்லம் முதலியவற்றோடு ‘கண்டம்’, ‘சர்க்கரா’ என்னும் இரண்டையும் குறிக்கிறது. ‘கண்டம்’ என்றால் துண்டு. ‘சர்க்கரா’ என்றால் மணல் அல்லது பருக்கைக்கல் போன்றது. முன்னதிலிருந்து ‘கண்டு’ என்பதும், பின்னதிலிருந்து ‘சர்க்கரை’ என்பதும் தமிழில் வழங்கலாயின. கல்லைப் போன்ற கண்டு கற்கண்டு ஆயிற்று. அதே ‘கண்டம்’ பாரசீகத்தில் ‘கந்த்’ என்றாகி, அரபு வழியாக ஐரோப்பாவை அடைந்து, ஆங்கிலேயரிடம் ‘கேண்டி’ என்னும் பெயர் பெற்றது. பள்ளிச் சிறுவன் கடையில் வாங்கும் மிட்டாயின் ஆங்கிலப் பெயரில் இந்தியச் சொல் ஒன்று ஒளிந்திருக்கிறது என்பது எத்துணை வியப்பு!

அலெக்சாந்தர் படையெடுத்து வந்த காலத்தில் அவருடைய கடற்படைத் தலைவர் நியார்க்கஸ், தேனீயின் உதவியின்றித் தேன் தரும் நாணல் ஒன்று இந்தியாவில் உண்டு என்று வியந்து எழுதினார். தமிழகத்திலோ, தகடூரை ஆண்ட அதியமானின் முன்னோரே கரும்பைப் பிற நாட்டிலிருந்து இங்குக் கொணர்ந்தனர் என்னும் செய்தி புறநானூற்றில் ஔவையார் பாடலில் இடம்பெற்றுள்ளது. கி.பி. 647இல் சீனப் பேரரசர் தைசோங், சர்க்கரை காய்ச்சும் முறையைக் கற்றுவர மகத நாட்டிற்குத் தூதர்களை அனுப்பினார். இந்தியரிடம் கற்ற அக்கலையைச் சீனர் பிற்காலத்தில் மிகவும் செம்மைப்படுத்தினர். அதனாலன்றோ வெண்ணிறச் சர்க்கரைக்குச் சீன நாட்டின் பெயராலேயே ‘சீனி’ என்னும் வழக்கு ஏற்பட்டது! ஆகவே, சர்க்கரை, கண்டு, சீனி என்னும் மூன்று சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டாலே நாடுகளின் கொடுக்கல் வாங்கல் விளங்கிவிடும்.

கனியைக் காத்த கலை

கனி விரைவில் அழுகும் இயல்பினது. பருவத்தில் குவியும், பருவம் கழிந்தால் காண்பதற்கும் கிட்டாது. எனவே, அதனைக் காத்து வைக்கும் வழியை மனிதன் மிகப் பழங்காலத்திலேயே தேடினான். உரோமர் கனிகளைத் தேனில் அமிழ்த்தி வைத்தனர். தமிழர் நெல்லிக்கனியைத் தேனில் ஊறவைத்து உண்டனர். பின்னர், அரபியர் கரும்பையும் சர்க்கரை ஆலையையும் எகிப்து, சிசிலி, ஸ்பெயின் ஆகிய நாடுகளுக்குக் கொண்டு சென்றபோது, தேனின் இடத்தைச் சர்க்கரை பிடித்தது. சீனியில் பதப்படுத்திய கனியை அவர்கள் ‘முரப்பா’ என்றனர். இஞ்சி முரப்பா, நெல்லி முரப்பா என்று தமிழ் மருந்துக் கடைகளில் இன்றும் வழங்கும் பெயர் அந்த அரபுச் சொல்லே.

இடைக்கால ஐரோப்பாவில் சர்க்கரை மளிகைப் பொருளாக இல்லை. மருந்துக் கடையில் எடைபோட்டு விற்கும் அரிய சரக்காக இருந்தது. அதனால் சீனியிட்ட கனி அரண்மனைகளிலும் செல்வர் இல்லங்களிலும் மட்டுமே காணப்பட்டது. வருங்காலம் கூறுபவர் என்று உலகம் அறிந்துள்ள நோஸ்திரதாமஸ் உண்மையில் ஒரு மருத்துவர். 1555இல் வெளிவந்த அவருடைய நூல் ஒன்று, ஆரஞ்சுத் தோல் முதலியவற்றைச் சீனியில் பதப்படுத்தும் முறைகளை விளக்குகிறது. போர்த்துகீசியர் ‘மார்மெலோ’ என்னும் சீமை மாதுளையைச் சர்க்கரையிட்டுக் காய்ச்சிய பண்டத்தின் பெயரே பிற்காலத்தில் ‘மார்மலேட்’ என்று திரிந்தது.

இந்தியாவில் ஆக்ரா நகரம் நீர்ப்பூசணியைக் கொண்டு செய்யும் ‘பேட்டா’ என்னும் இனிப்பால் புகழ்பெற்றது. அதே நீர்ப்பூசணியைச் சீனர் சீனியிட்டு உலர்த்திப் புத்தாண்டு நாளில் விருந்தினர்க்கு வழங்குகின்றனர். மலாய்க்காரர் அதனைக் ‘குண்டூர்’ என்பர். பழனித் திருத்தலத்தின் பஞ்சாமிர்தமும் இவ்வினத்தைச் சேர்ந்ததே எனலாம். மலை வாழைப்பழத்தை நாட்டுச் சர்க்கரை, தேன், நெய், பேரீச்சை, கற்கண்டு, ஏலம் ஆகியவற்றோடு பிசைந்து, ஒரு துளி நீரும் சேர்க்காமல் செய்வதால் அது பல நாள் கெடாதிருக்கிறது. 2019இல் அதற்குப் புவிசார் குறியீடும் வழங்கப்பட்டது.

சொல் ஒன்று நாடு மாறும்போது பொருளும் மாறுவதற்கு ‘அல்வா’ நல்ல சான்று. தமிழர்க்கு அல்வா என்றால் கோதுமைப் பால், நெய், சர்க்கரை சேர்ந்த பண்டம். மலாய் மொழியிலோ ‘ஹல்வா’ என்பது பெரும்பாலும் சீனியில் பதப்படுத்திய பப்பாளி, சாதிக்காய் போன்ற கனிகளைக் குறிக்கும். ஒரே அரபுச் சொல் இரு அண்டை வீடுகளில் இரு வேறு பண்டங்களாக நிற்கிறது.

பண்டாத் தீவின் கண்ணீர்

இனிச் சாதிக்காயின் வரலாற்றைக் காண்போம். கைக்குழந்தைக்கு உரை மருந்து கொடுக்கும் தமிழ்ப் பாட்டிமார், சாதிக்காயை உரைகல்லில் இழைப்பதை அறியாதார் இலர். வெற்றிலையோடு சேர்க்கும் ஐவகை வாசப் பொருள்களுள் அதுவும் ஒன்று எனப் பழைய உரைகள் கூறுகின்றன. ஆயினும், அக்காய் பிறந்த மண் தமிழகம் அன்று. இன்றைய இந்தோனேசியாவின் கிழக்கே, மலுக்குத் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த பண்டா என்னும் சிறு தீவுகளே அதன் தாயகம்.

அத்தீவுகளின் வாணிகத்தைத் தம் ஒருவர் கையிலேயே வைத்துக்கொள்ள விரும்பிய டச்சுக் கிழக்கிந்தியக் கும்பினியார், 1621இல் யான் பீட்டர்சூன் கூன் என்பவரின் தலைமையில் பண்டாவைத் தாக்கினர். தீவின் குடிகளுள் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர்; அல்லது பசியால் மாண்டனர்; அல்லது அடிமைகளாக ஏற்றிச் செல்லப்பட்டனர். வெறுமையான தோப்புகளில் வேற்றூர் அடிமைகள் உழைக்க வைக்கப்பட்டனர். வேறு நாட்டார் எவரும் விதையை முளைக்க வைத்துவிடலாகாதே என்று, ஏற்றுமதி செய்யும் சாதிக்காய்களைச் சுண்ணாம்பில் தோய்த்து அனுப்பினர். 1667இல் பிரேடா உடன்படிக்கையின்படி பண்டாவைச் சேர்ந்த ருண் என்னும் சிறு தீவு டச்சுக்காரரிடமும், அமெரிக்காவின் மன்ஹாட்டன் தீவு ஆங்கிலேயரிடமும் நிலைத்தன. இன்றைய நியூயார்க் நகரின் நடுப்பகுதிக்கு ஈடாக எண்ணப்பட்டது சாதிக்காய் விளையும் ஒரு சிறு தீவு என்றால், அக்காலத்தில் அக்காயின் மதிப்பை என்னென்பது!

பினாங்கிலும் சிங்கையிலும்

1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் ஆங்கிலக் கொடியை ஏற்றினார். பத்தாண்டு கழித்து, ஐரோப்பியப் போரின் காரணமாக ஆங்கிலேயர் மலுக்குத் தீவுகளைக் கைப்பற்றினர். வாய்ப்பு நழுவுமுன் அங்குள்ள நறுமணப் பயிர்களை அள்ளிவர வேண்டும் என்று கும்பினியார் கருதினர். அப்பணியில் ஈடுபட்ட கிறிஸ்தோபர் ஸ்மித் என்னும் தாவர இயலார், பல்லாயிரம் சாதிக்காய், கிராம்புக் கன்றுகளைப் பினாங்கிற்கு அனுப்பினார். கும்பினியாரின் தோட்டம் 1805இல் விற்கப்பட்டபோது, கன்றுகள் தனியார் தோட்டங்களுக்குப் பரவின. அவர்களுள் பெருநிலக்கிழாராக விளங்கியவர் குளுகோர்ப் பகுதியின் டேவிட் பிரவுன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர்.

1819இல் சிங்கையை நிறுவிய ராபிள்ஸ், அவ்வாண்டிலேயே சாதிக்காய்க் கன்றுகளை அங்கு அனுப்பிவைத்தார். அவை அரசுக் குன்றின் சாரலில் நடப்பெற்றன. 1830களிலும் 1840களிலும் சிங்கையைச் ‘சாதிக்காய்ப் பித்து’ பிடித்துக்கொண்டது எனலாம். கிலினித் தோட்டத்தின் உரிமையாளரான அறுவை மருத்துவர் தாமஸ் ஆக்ஸ்லி, 1848இல் சாதிக்காய் வேளாண்மையைப் பற்றி விரிவான கட்டுரை ஒன்றை எழுதினார். இன்று வானளாவிய அங்காடிகள் நிறைந்த ஆர்ச்சர்ட் சாலைக்கு அப்பெயர் வந்ததே அங்கிருந்த சாதிக்காய், மிளகுத் தோட்டங்களாலும் பழத் தோப்புகளாலும்தான்.

ஆனால், அச்செல்வம் நிலைக்கவில்லை. சாதிக்காய் மரம் காய்க்க ஏழு, எட்டு ஆண்டுகள் ஆகும். ஆண் மரமும் பெண் மரமும் வேறு வேறு; பூக்கும்வரை இன்னது என்று அறிதல் அரிது. இத்துணைப் பொறுமையோடு வளர்த்த மரங்களை 1850களில் ஒரு நோய் தாக்கியது. 1860ஆம் ஆண்டளவில் சிங்கையிலும் பினாங்கிலும் பெரும் தோட்டங்கள் அழிந்தன. தோட்டக்காரர் பலர் கடனாளிகளாயினர். சிங்கையில் சாதிக்காய் சாலைப் பெயர்களோடு நின்றுவிட்டது. பினாங்கின் மேற்குப் புறத்தே, பாலிக் புலாவ் மலைச் சாரலில் மட்டும் சிறு குடியானவர்களின் கையில் அது உயிர் பிழைத்தது.

சதையின் சிறப்பு

ஐரோப்பிய வணிகர்க்கு வேண்டியவை கொட்டையும், அதனைச் சுற்றிச் செந்நிற வலைபோல் படர்ந்துள்ள சாதிபத்திரியும் மட்டுமே. அவற்றைப் பொதிந்திருக்கும் தடித்த சதை அவர்க்குக் கழிவு. ஒரு கனியில் பெரும்பகுதி அச்சதையே. அதனை வீணாக்காது காத்தவர் அம்மண்ணில் வாழ்ந்த எளிய மக்கள். மலாய்ப் பெண்டிர் அதனை ‘ஹல்வா பாலா’ ஆக்கினர். சீனக் குடும்பத்தார் உப்பிலும் சீனியிலும் இட்டுப் பல வகையாகச் செய்தனர். துவர்ப்பும் புளிப்பும் உடைய அச்சதை, பதமறிந்து செய்யும்போது, குளிர்ச்சியும் காரமும் கலந்த தனிச் சுவை பெறுகிறது.

ஜார்ஜ் டவுன் நகரின் சௌராஸ்டா சந்தையில் சாதிக்காய், மாங்காய், நெல்லிக்காய் ஆகியன கண்ணாடிச் சாடிகளில் அணிவகுத்து நிற்பதைக் காணலாம். நாற்சந்தி என்னும் பொருளுடைய அச்சந்தையின் பெயரே வட இந்தியச் சொல். மலுக்குவின் கனி, இந்தியா கண்டறிந்த சர்க்கரை, சீனரும் மலாய்க்காரரும் வளர்த்த கைத்திறன், இந்தியப் பெயர் கொண்ட சந்தை என யாவும் ஒரு சாடிக்குள் வந்து கூடிவிட்டன. எனினும், அச்சாடியில் ஊற்றிய சீனி எங்கிருந்து வந்தது என்னும் வினா எஞ்சியிருக்கிறது.

கரும்புக் காட்டில் தமிழர்

பினாங்குத் தீவிற்கு எதிரே உள்ள நிலப்பகுதியை ஆங்கிலேயர் 1800இல் பெற்று, வெல்லெஸ்லி மாகாணம் என்று பெயரிட்டனர். இன்று அது செபராங் பிறை. அங்குப் பத்து காவான் பகுதியில் முதலில் கரும்பு பயிரிட்டவர் தியோச்சூ சீனர். அவர்தம் வெற்றியைக் கண்ட ஐரோப்பியர் 1840களில் பெரும் மூலதனத்தோடு இறங்கினர். 1846இல் இப்பகுதிச் சீனிக்கும் பிரித்தானியச் சந்தையில் வரிச் சலுகை கிட்டியதும் தோட்டங்கள் பெருகின. லியோனார்ட் ரே என்னும் தோட்டக்காரர், மேற்கிந்தியத் தீவுகளிலும் இந்தியாவிலும் இங்கும் பெற்ற பட்டறிவைக் கொண்டு 1848இல் கரும்புத் தொழில் பற்றி ஒரு நூலே எழுதி வெளியிட்டார். சிங்கையில் அமெரிக்கத் தூதர் பாலஸ்டியர் தொடங்கிய கரும்புத் தோட்டமோ 1840களின் இறுதியில் நலிந்து, இன்று ஒரு சாலையின் பெயராக மட்டுமே நிலவுகிறது.

அடிமை முறை பிரித்தானியப் பேரரசில் 1830களில் ஒழிக்கப்பட்டது. ஆயின், கரும்புக்கு ஆள் வேண்டுமே! அவ்வாட்கள் தமிழகத்தில் கிடைத்தனர். நாகப்பட்டினத்துத் துறையிலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலேறியவர்கள் பினாங்கில் இறங்கினர். அங்கிருந்து வெல்லெஸ்லி மாகாணத்துத் தோட்டங்களுக்குச் சென்றனர். கப்பல் கட்டணத்தையே கடனாகச் சுமந்து, குறித்த ஆண்டுகள் உழைப்பதாக ஒப்பந்தத்தில் கைந்நாட்டு வைத்தனர். இதனையே மலாயாத் தமிழர் ‘சஞ்சிக் கூலி முறை’ என்றனர். இரப்பர் மரம் இந்நாட்டிற்கு வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே, கரும்புக் காட்டில் தமிழனின் வியர்வை சிந்தியிருந்தது என்பதை இளைஞர் பலர் அறியார். பால்மரக் காட்டோடுதான் நம் வரலாறு தொடங்கியது என்று எண்ணுவது பிழை.

கரும்பு வேலை கடினமானது. அலையாத்திக் காட்டை அழித்து, சதுப்பு நிலத்தில் வடிகால் வெட்ட வேண்டும். நடவு, களையெடுப்பு, தழை உரிப்பு, வெட்டு என்று ஆண்டு முழுதும் ஓய்வில்லை. வெட்டிய கரும்பைக் காலந்தாழ்த்தாமல் ஆலைக்குச் சேர்க்காவிட்டால் சாறு புளித்துவிடும். ஆலையில் சாற்றைச் சுண்ணாம்பு இட்டுத் தெளியவைத்து, கொப்பரைகளில் மாற்றி மாற்றிக் காய்ச்சி, பருக்கை கட்டச் செய்து, கழிவுப் பாகை வடிப்பர். கொதிக்கும் கொப்பரை அருகே நிற்பவனின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ! காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் காலில் ஆறாப் புண்ணும் பலரைக் கொண்டுசென்றன. ஒப்பந்தத்தை மீறி ஓடினால் சிறை காத்திருந்தது.

நிபோங் திபால் வட்டாரத்துக் கலிடோனியா, பைராம் போன்ற தோட்டங்கள் அக்காலத்துக் கரும்புப் பெருந்தோட்டங்கள். அங்கு உழைத்தவர்களின் பெயர்கள் எந்தச் சாலைக்கும் சூட்டப்படவில்லை. 1910இல் சஞ்சி முறை ஒழிக்கப்பட்டது. இரப்பரின் விலை ஏற ஏறக் கரும்பு பின்வாங்கி, இருபதாம் நூற்றாண்டின் முதல் பதினைந்து ஆண்டுகளுக்குள் அத்தோட்டங்களிலிருந்து மறைந்தது. கரும்பு வெட்டிய குடும்பங்களின் மக்கள் பால்மரம் சீவலாயினர்.

இல்லத்தில் செய்யும் முறை

சீனியிட்ட சாதிக்காயை இல்லத்திலேயே செய்யலாம். அதற்கு வேண்டியவை மூன்று: நல்ல காய், தூய சீனி, பொறுமை. இவற்றுள் மூன்றாவதே முதன்மையானது.

மஞ்சள் நிறம் படர்ந்து, வெடிக்கும் பருவத்தில் உள்ள கனிகளைத் தேர்ந்து, தோலை மெல்லியதாகச் சீவ வேண்டும். சீவியவுடன் உப்பு நீரில் இடாவிட்டால் சதை கறுத்துவிடும். பின்னர் இரண்டாகப் பிளந்து, கொட்டையையும் பத்திரியையும் எடுத்துத் தனியே உலர்த்திக் கொள்ளலாம். சதையைப் பூவிதழ் போலக் கீறி, ஓர் இரவு உப்பு நீரில் ஊறவிட்டு, மறுநாள் நல்ல நீரில் பலமுறை அலச வேண்டும். துவர்ப்பு நீங்குவது இவ்வாறே. இறுதியாகக் கொதிநீரில் ஒரு முறை போட்டெடுத்து நீரை வடித்துவிட வேண்டும்.

ஒரு கிலோ சதைக்கு முக்கால் லிட்டர் நீரும் 400 கிராம் சீனியும் சேர்த்துக் கொதிக்கவைத்த இளம்பாகைச் சதையின்மீது ஊற்றி, ஓர் இரவு மூடி வைக்க வேண்டும். மறுநாள் பாகை மட்டும் வடித்து, 100 கிராம் சீனி சேர்த்துக் கொதிக்கவைத்து மீண்டும் ஊற்ற வேண்டும். இவ்வாறு ஆறு நாள் செய்தால் சீனியின் அளவு ஒரு கிலோவை எட்டும்; பாகும் தேன்போல் கனக்கும். பாகில் சில துளி எலுமிச்சைச் சாறு சேர்ப்பது அது பூத்துப்போகாமல் காக்கும். மேலும் மூன்று நாள் ஊறவிட்டு, பாகை வடித்து, துண்டுகளைத் தட்டில் பரப்பி ஈ மொய்க்காதபடி மெல்லிய துணியிட்டு வெயிலில் இரண்டு, மூன்று நாள் உலர்த்தி, சீனியில் புரட்டிச் சாடியில் அடைக்க வேண்டும்.

ஒரே நாளில் கெட்டிப் பாகில் இட்டுவிடலாகாதா என்று சிலர் கேட்பர். ஆகாது. கெட்டிப் பாகு சதையிலுள்ள நீரை ஒரேயடியாக உறிஞ்சிவிடும். சீனி உள்ளே புகுமுன் சதை சுருங்கித் தோல்போல் ஆகிவிடும். பாகைச் சிறிது சிறிதாகக் கனக்கச் செய்தால்தான் நீர் வெளியேறும் அளவிற்கு ஏற்பச் சீனி உள்ளே செல்லும். சதையும் தன் வடிவம் குன்றாமல் ஒளிபுகும் தன்மை பெறும். முடிவில் சதையிலுள்ள நீரோடு சீனி பெரிதும் செறிந்துவிடுவதால், அழுகச் செய்யும் நுண்ணுயிர்கள் அங்கு வாழ இயலா. நீர்ப்பூசணி, பச்சைப் பப்பாளி போன்ற மென்மையான காய்களைச் சுண்ணாம்புத் தெளிநீரில் முதலில் ஊறவைப்பர். சுண்ணாம்பிலுள்ள கால்சியம் காயின் பசைப்பொருளோடு கூடி அதனை உறுதியாக்குகிறது. அவ்வாறு ஊறிய காயைப் பின்னர் நன்றாகக் கழுவ வேண்டும். பண்டாவில் விதையை மலடாக்குவதற்கு உதவிய அதே சுண்ணாம்பு, ஆலையில் சாற்றைத் தெளியவைத்தது. அடுக்களையில் காயைக் குலையாமல் காக்கிறது. பொருளில் நன்மை தீமை இல்லை. அதனை ஆளும் கையில்தான் உள்ளது.

விருந்தில் அதன் இடம்

பினாங்கில் ஐஸ் கச்சாங் என்னும் பனித்தூவல் இனிப்பின்மீது சாதிக்காய்த் துண்டுகளைத் தூவுவது வழக்கம். வடித்த பாகை வீணாக்காமல் நீரில் கலந்து, உலர்ந்த புளிப்புப் பிளம்சு ஒன்றையும் இட்டால் வெயிலுக்கு இனிய பானமாகும். தமிழர் இல்லங்களிலும் இதற்கு இடம் உண்டு. கேசரியிலும் ரொட்டிப் பண்டங்களிலும் சிவப்பும் பச்சையுமாகத் தூவப்படும் ‘டூட்டி ஃப்ரூட்டி’ என்பது சாயமேற்றிச் சீனியிட்ட பச்சைப் பப்பாளியே. அதற்கு மாற்றாகச் சாதிக்காயைப் பொடியாக நறுக்கிச் சேர்த்தால், கேசரிக்குச் சாயமின்றியே மணம் கிட்டும். சவ்வரிசிப் பாயசத்தை இறக்கும் தருவாயில் ஒரு கரண்டி சேர்த்தால் ஏலத்தின் தேவையே குறைந்துவிடும். யூரேசியர் இல்லங்களில் கிறிஸ்துமசுக்குச் செய்யும் பழ அணிச்சலிலும் சீனியிட்ட கனிகள் சேரும்.

ஆயினும், அளவுக்கு மிஞ்சினால் அமுதும் நஞ்சு. 2019இல் நடைபெற்ற மலேசியத் தேசிய சுகாதார ஆய்வு, பெரியோருள் 18.3 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. ஒரு காலத்தில் மருந்துக் கடையில் எடைபோட்டு வாங்கிய பொருளை இன்று எடைபோடாமல் உண்பதன் விளைவு அது. சீனியிட்ட கனி வயிறு நிரப்பும் உணவன்று. விழாக்காலத்தில் வாய் மணக்க உண்ணும் ஒரு துண்டு. முன்னோர் அதனைச் சிறு தட்டில் வைத்ததில் பொருள் இருந்தது.

பெயரில் நின்ற ஊர்

குளுகோரில் பிரவுன் குடும்பத்தாரின் பழைய நிலத்தில் தமிழர் வாழ்ந்த சிற்றூர் ஒன்று இருந்தது. மாடும் ஆடும் வளர்த்து, பால் கறந்து விற்று, பொங்கல் நாளில் ஊர்கூடி மகிழ்ந்த அக்கிராமத்தின் பெயர் கம்போங் புவா பாலா. ‘புவா பாலா’ என்றால் மலாய் மொழியில் சாதிக்காய். நகரம் நாற்புறமும் வளர்ந்து நெருக்கியபோதும், அங்கே கொட்டிலும் மரநிழலும் நெடுங்காலம் நிலைத்திருந்தன. நிலம் வீடமைப்புத் திட்டத்திற்காகக் கைமாறியது. குடியிருந்தோர் நீதிமன்றம் சென்றும் வெற்றி பெறவில்லை. சிலர் மாற்று வீட்டை ஏற்றனர். சிலர் இறுதிவரை எதிர்த்து நின்றனர். 2009இல் அவ்வீடுகள் இடிக்கப்பட்டன. நிலத்தின் உரிமை பத்திரத்தால் அளக்கப்படுகிறது. தலைமுறைகளின் வாழ்வு பத்திரத்தில் எழுதப்படுவதில்லை.

சாதிக்காயைப் பெயரிலே தாங்கிய ஊர் மறைந்தது. கரும்பு வெட்டியவர்களின் பெயர்கள் மறைந்தன. ஆர்ச்சர்ட் சாலையில் தோப்பு இல்லை. பாலஸ்டியர் சாலையில் கரும்பு இல்லை. எஞ்சியிருப்பது கண்ணாடிச் சாடியில் உள்ள ஒரு துண்டு இனிப்பு. அதனைச் செய்யும் கைகளும் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றன.

பாடப் புத்தகத்தில் இடம்பெறாத வரலாறு அடுக்களையில் வாழும். பத்து நாள் பொறுமையோடு ஒரு சாடி சாதிக்காய் செய்யும் தாய், அருகில் நின்று பாகு பதம் பார்க்கும் பிள்ளையிடம், இக்கனி எந்தத் தீவிலிருந்து வந்தது, இச்சீனிக்காக நம் முன்னோர் எந்தக் காட்டில் உழைத்தனர் என்று இரண்டு சொல் கூறினால் போதும். அக்கதையும் பாகைப் போலவே நாள்தோறும் சிறிது சிறிதாக உள்ளே இறங்கும். நெடுநாள் கெடாமல் நிற்கும்.

கரும்பு தின்னக் கூலி வேண்டுவதில்லை. ஆனால், கரும்பு வெட்டியவரின் கூலி இன்னும் முழுமையாகக் கொடுக்கப்படவில்லை. அவர்களை நினைவில் வைப்பதே பின்வந்தோர் கொடுக்கக்கூடிய கூலி.